முள் பொய் சொல்லக் கூடாது!

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மீட்டர்களைப் புதுப்பிக்கும் கலை

பால்மரம் சீவிய நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு மெட்ரோலாக் கருவியை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. பால் எடுத்து முடித்து, வாளியோடு ஸ்டோரில் வரிசையில் நிற்கும்போது கிராணி அந்த மிதவையைப் பாலுக்குள் விடுவார். பாலில் ரப்பர் அதிகம் இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும். தண்ணீர் அதிகம் இருந்தால் மேலே நிற்கும். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் கணக்கு. விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் நனைந்து, மரத்துக்கு மரம் ஓடிய உழைப்பெல்லாம் அந்த ஒரு கோட்டில் வந்து நிற்கும். கருவி பொய் சொன்னால் அடி விழுவது நம் வயிற்றில்!

அளக்கும் கருவி என்பது ஒரு சாட்சி. சாட்சிக்குச் சட்டை புதிதாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. உண்மை சொல்கிறானா என்றுதான் பார்ப்பார்கள். இந்தப் பாடம் எடைத் தராசுக்கும் மெட்ரோலாக்குக்கும் பொருந்துவதைப் போலவே, காரின் முன்பலகையில் உள்ள மீட்டர்களுக்கும் பொருந்தும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மீட்டர்களைப் புதுப்பிப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம். "நமக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வாசலில் நிற்கும் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளுக்கும் இதில் சேதி இருக்கிறது; கைத்தொழில் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கும் இருக்கிறது.

துரையின் காடி

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அவர்களில் சிலர் வைத்திருந்த சின்னஞ்சிறு இரண்டு இருக்கைக் கார்களைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூரை கிடையாது; மழை வந்தால் துணியை இழுத்து மூட வேண்டும். எம்.ஜி., ட்ரையம்ப், ஆஸ்டின் ஹீலி என்று பல பெயர்கள். 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்ற காரில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்று காட்டும் மீட்டர் ஓட்டுநருக்கு எதிரே இல்லை; பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே இருக்கும்! ஓட்டுநருக்கு எதிரே இருப்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர். பக்கத்தில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தால் வேகத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொள்வார் என்று நினைத்துச் செய்தார்களோ, என்னவோ!

1962இல் வந்த எம்.ஜி.பி. என்ற கார் 1980 வரை செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உலகெங்கும் போயின. அதே 1962இல் சிங்கப்பூர் தாம்சன் சாலைப் பந்தயத்தில் யோங் நாம் கீ என்ற வீரர் ஜாகுவார் ஈ-டைப் காரை ஓட்டி முதலிடம் பெற்றார். 1968இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே பத்து தீகாவில் பந்தய ஓடுதளம் திறக்கப்பட்டது. பத்து தீகா என்றால் நம் பேச்சில் மூன்றாங்கட்டை. கட்டைக் கணக்கில் பெயர் பெற்ற ஊரில் மைல் கணக்கில் கார்கள் பறந்தன. 1999இல் சிப்பாங் ஓடுதளம் வந்தபின் அதன் காலம் முடிந்தது. இன்று அங்கே ஓடுதளம் இல்லை. ஆனால் அந்தக் காலத்துக் கார்களைப் பாதுகாத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கார் ஓடும், பெயின்ட் பளபளக்கும். உள்ளே பார்த்தால் மீட்டர்கள் மட்டும் கண்புரை விழுந்த கண்களைப் போல் மங்கிக் கிடக்கும்.

வெயிலும் மழையும் செய்த வேலை

இந்த மீட்டர்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் ஸ்மித்ஸ், ஜேகர் என்ற பெயர்களில் வந்தவை. சாமுவேல் ஸ்மித் என்பவர் 1851இல் லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய வியாபாரமே பின்னாளில் மோட்டார் மீட்டர்களுக்குப் பேர் பெற்ற ஸ்மித்ஸ் ஆயிற்று. ஆகவே, மீட்டர் பழுது பார்ப்பது பாதி கடிகார வேலை. வாத்தியார்களும் கிராணிமார்களும் ஆசையாக வைத்திருந்த மோரிஸ் மைனர் கார்களிலும் இதே குடும்பத்து மீட்டர்கள்தான்.

குளிர் நாட்டில் பிறந்த இந்தப் பொருள்களுக்கு நம் நாட்டுப் புழுக்கம் ஒத்துக்கொள்வதில்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. அந்த இடுக்கு வழியே ஈரக்காற்று நுழைகிறது. இரவில் குளிரும்போது கண்ணாடியின் உட்புறம் வியர்க்கிறது; பூஞ்சணம் பிடிக்கிறது. முலாம் பூசிய முக வளையத்தில் துரு ஏறுகிறது. உள்ளே விளக்கு வெளிச்சத்தைப் பரப்புவதற்காகப் பூசிய பெயின்ட் உதிர்ந்து எழுத்துகளின் மேல் தூளாய்ப் படிகிறது.

உள்ளே என்னதான் இருக்கிறது?

மீட்டரைத் திறக்கும் முன் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வெளியே எல்லாம் வட்டமாக ஒன்று போலத் தெரிந்தாலும், உள்ளே வேறு வேறு சாதி.

முதலாவது, எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர். இதற்குள் வளைந்த ஒரு சிறு உலோகக் குழாய் இருக்கிறது. இன்ஜின் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே வரும்போது, சுருட்டிய காகித ஊதுகுழலை ஊதினால் நிமிர்வது போல அந்தக் குழாய் சற்று நிமிரும். அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. யூஜீன் போர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் இதற்கு உரிமை பெற்றார். செந்தூல் ரயில் பட்டறையில் நீராவி இன்ஜின்களோடு மல்லுக்கட்டிய நம்மவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த அந்தத் தலைமுறைக்கு, இது பழகிய பொருள். பாய்லரின் நீராவி அழுத்தத்தைக் காட்டியதும் இதே குழாய்தான். செம்பனை ஆலையில் குலைகளை வேக வைக்கும் பெரிய கலனின் மீதும் இந்த வகை மீட்டரைக் காணலாம்.

இரண்டாவது, வேகம் காட்டும் மீட்டர். கியர்ப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி சுழன்றுகொண்டே வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் காந்தம் சுழலச் சுழல அதன் விசை கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்குப் பிடிக்கும். இந்த இழுபறியில் கிண்ணம் எங்கே நிற்கிறதோ, அங்கே முள் நிற்கும். 1902இல் ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் கண்ட வழி இது. நம் பழைய ஹோண்டா கப் மீட்டரும் இதே முறைதான். ஜாகுவாருக்கும் ஹோண்டா கப்புக்கும் இந்த விஷயத்தில் உயர்வு தாழ்வு இல்லை!

மூன்றாவது, பெட்ரோல் அளவைக் காட்டும் மின்சார மீட்டர். டாங்கிக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்குவதற்கு ஏற்ப மின்சாரம் கூடும், குறையும். 1960களின் இடைப்பகுதியிலிருந்து வந்த பல கார்களில் இந்த மின்சாரம் ஓர் ஈருலோகப் பட்டையைச் சூடாக்கி வளைத்து, முள்ளை மெதுவாக நகர்த்துகிறது. இந்த வகை மீட்டருக்கு 12 வோல்ட் முழுவதும் போகக் கூடாது. சராசரி 10 வோல்ட் மட்டும் அனுப்புவதற்கென்றே முன்பலகைக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறியதான ஒரு பெட்டி ஒளிந்திருக்கும்.

கழற்றும் முன் கவனம்

முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. முன்பலகைக்குப் பின்னால் ஒரு கம்பி தவறாகத் தொட்டால் வண்டி முழுதும் புகையும். அடுத்து, ஒவ்வொரு கம்பியும் எங்கே இருந்தது என்று கைப்பேசியில் படம் பிடித்து, கம்பியில் சிறு சீட்டும் கட்டுங்கள். எண்ணெய் மீட்டரைக் கழற்றுவதானால் இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அந்தக் குழாய் வழியே வருவது உண்மையான இன்ஜின் எண்ணெய். திரும்பப் பொருத்தும்போது இணைப்பில் உள்ள சிறு தோல் வாசரை மாற்றாவிட்டால், ஓடும் வண்டியில் சூடான எண்ணெய் ஓட்டுநரின் காலில் சொட்டும்.

வெப்ப மீட்டரில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். பழைய வகையில் தலைமுடி போல் நுண்ணிய துளையுள்ள ஒரு செம்புக் குழாய், மீட்டரிலிருந்து இன்ஜின் வரை நீண்டு போகும். அதன் முனையில் உள்ள குமிழில் ஈதர் என்ற திரவம். மீட்டரையும் குழாயையும் குமிழையும் சேர்த்தே கழற்ற வேண்டும். குழாயை வெட்டினாலோ முறித்தாலோ மீட்டர் செத்துப்போகும். மறுபடி ஈதர் நிரப்புவது வீட்டில் செய்யும் வேலையல்ல. ஈதர் சுமார் 35 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். கிள்ளானின் நடுப்பகல் வெயிலே ஏறத்தாழ அவ்வளவு! பட்டென்று தீப்பிடிக்கவும் செய்யும். ஐஸும் உப்பும் கலந்து குளிர வைத்துச் செய்யத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

முகம் கழுவும் முறை

கண்ணாடியைப் பிடித்திருக்கும் முக வளையத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்புவதுதான் பலரும் செய்யும் காரியம். வளையம் நெளிந்துவிடும், பிறகு எத்தனை வெள்ளி கொடுத்தாலும் பழைய வடிவம் வராது. பல மீட்டர்களில் வளையத்தின் உள்ளே சிறு பற்கள் இருக்கும். மீட்டர் உடம்பில் அவற்றுக்குச் சரியாக வெட்டுகள் இருக்கும். பல்லும் வெட்டும் நேருக்கு நேர் வரும்வரை திருப்பினால் வளையம் தானே கழன்று வரும். ரப்பர் ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தால், துரு இளக்கும் எண்ணெயை ஓரத்தில் சொட்டு விட்டு ஓர் இரவு பொறுங்கள்.

கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவலாம். ஆனால் எண்கள் அச்சிட்ட கறுப்பு முகத்தைக் கழுவக் கூடாது. தின்னர், பெட்ரோல், சோப்புத் தூள் எதுவும் ஆகாது, எழுத்து ஓடிவிடும். மிருதுவான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, தேவையானால் சற்றே ஈரம் கொண்ட பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். முள்ளை விரலால் தள்ளிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் உள்ள ஆசை. அதை அடக்கிக்கொள்ளுங்கள். முள்ளின் சுருள்வில் ஒரு முறை கோணினால் மீட்டர் அன்று முதல் பொய்யன்.

உள்சுவரில் உதிர்ந்த பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை பூசி நன்றாகக் காயவிடுங்கள். இரவில் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும். மூடும் முன் மீட்டரை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றையும் போட்டு ஓர் இரவு மூடி வைத்தால் ஈரம் இழுபடும். பிறகு புது ரப்பர் வளையம் போட்டு மூடலாம்.

ஒளி போனாலும் நஞ்சு போவதில்லை

தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டிய இடம் இது. மிகப் பழைய சில மீட்டர்களிலும், போர்க்கால வண்டி, விமான மீட்டர்களிலும், இருட்டில் ஒளிர்வதற்காக எண்களின் மேல் ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள். இன்று அது ஒளிராது, பழுப்பேறிக் கிடக்கும். ஒளிராததால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பெயின்ட்டின் ஒளிரும் சரக்குத்தான் கெட்டுப்போயிற்று. ரேடியம் பாதியாய்க் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்காவில் 1910களின் கடைசியிலும் 1920களிலும் கடிகார முகங்களுக்கு இந்தப் பெயின்ட்டைப் பூசும் வேலையில் இளம் பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். தூரிகை முனை கூராக இருக்க வேண்டும் என்று உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ரேடியம் வாய் வழியே எலும்பில் சேர்ந்தது. தாடை அழுகி, எலும்பு நொறுங்கிப் பலர் இறந்தார்கள். நியூ ஜெர்சியில் 5 பெண்கள் வழக்குத் தொடுத்து 1928இல் இழப்பீடு பெற்றார்கள். கூலிக்காக வேலைக்குப் போன பெண்களின் உயிரைக் குடித்த பெயின்ட் அது.

ஆகவே, பழுப்பு நிறத்தில் தடித்த பெயின்ட் உள்ள பழைய மீட்டரைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், மணல் தாளால் தேய்க்காதீர்கள். கண்ணாடி மூடியபடி இருந்தால் தூள் வெளியே வராது. சமையல் மேசையில் வைத்துத் திறக்கவே கூடாது. நம் நாட்டில் கதிரியக்கப் பொருள்களுக்கென்றே 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மீட்டரை மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்து, விவரம் தெரிந்த அதிகாரிகளைக் கேளுங்கள்.

முள் ஏன் தவறு செய்கிறது?

பெட்ரோல் மீட்டரும் மின்சார வெப்ப மீட்டரும் ஒரே நேரத்தில் அதிகமாகவோ குறைவாகவோ காட்டினால் மீட்டர்களைக் குறை சொல்லாதீர்கள். இரண்டுக்கும் 10 வோல்ட் தரும் அந்தச் சிறு பெட்டியைப் பாருங்கள். பல நேரம் அது முன்பலகையின் உலோகத்தோடு சரியாகத் தொடாததுதான் காரணம். திருகாணியைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினால் இரண்டும் திருந்திவிடும். ஒன்று மட்டும் தவறினால் அந்த மீட்டரையோ அதன் மிதவையையோ சந்தேகிக்கலாம்.

வேக மீட்டரின் முள் துள்ளினால் பெரும்பாலும் குற்றம் கம்பியில்தான். கம்பியை உருவி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். மீட்டரை ஒட்டிய ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸே வேண்டாம். அங்கே தடவினால் கம்பி சுழலும்போது கிரீஸ் மேலேறி, காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்து, நின்ற வண்டியிலும் வேகம் காட்டும்! கம்பி எங்கேயும் முறுக்காமல், பெரிய வளைவாகப் போக வேண்டும். ஹோண்டா கப் வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

எண்ணெய் அழுத்த மீட்டர் சரியாகக் காட்ட வேண்டியது எல்லாவற்றிலும் முக்கியம். எம்.ஜி.பி. காரில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரையிலும், நின்றபடி இன்ஜின் ஓடும்போது 10 முதல் 25 பவுண்டு வரையிலும் காட்டுவது இயல்பு. அழுத்தம் இல்லாதபோது இருப்பதாக முள் காட்டினால், ஓட்டுநர் நம்பி ஓட்டிக்கொண்டே போவார்; சில நிமிடங்களில் இன்ஜின் உருகிப் பிடித்துக்கொள்ளும். முகத்தை மட்டும் புதுப்பித்து, உள்ளே சோதிக்காமல் மாட்டிய மீட்டர், பழைய மீட்டரைவிட ஆபத்தானது. பழையதை யாரும் நம்ப மாட்டார்கள். பளபளப்பானதை எல்லாரும் நம்புவார்கள்!

கட்டையும் கிலோமீட்டரும்

1972இல் நம் நாட்டில் எடை, அளவைச் சட்டம் வந்து, மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. பழைய கார்களின் மீட்டர்களோ இன்னும் மைலில்தான் பேசுகின்றன. விரைவுச் சாலையில் 110 கிலோமீட்டர் எல்லை என்றால், மைல் மீட்டரில் அது சுமார் 68. மற்றச் சாலைகளின் 90 என்பது 56. பழைய முகத்தை மாற்றாமல், இந்த இரண்டு இடங்களிலும் கண்ணாடியின் வெளிப்புறம் சிறு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டால் போதும்.

மீட்டர் உண்மை சொல்கிறதா என்று சோதிக்கவும் எளிய கணக்கு உண்டு. ஒரே வேகத்தில் போகும்போது, பக்கத்தில் இருப்பவர் இரண்டு கிலோமீட்டர்க் கற்களுக்கு இடையே எத்தனை விநாடி என்று பார்க்கட்டும். 3,600ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 60 விநாடி என்றால் 60 கிலோமீட்டர். 40 விநாடி என்றால் 90. பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி!

இன்னும் ஒன்று. வேக மீட்டரைத் திறந்தவுடன், வண்டி ஓடிய மொத்த மைல் எண்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். "சுழியத்துக்குத் திருப்பிவிடட்டுமா அண்ணே? நல்ல விலை போகும்" என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் காட்டி விற்பதை 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த எண்களை நம்பித்தான் வாங்குகிறவர் பிரேக்கையும் இன்ஜினையும் கணக்கிடுகிறார். வண்டியின் வயதை மறைப்பது, வாங்குகிறவர் குடும்பத்தின் உயிரோடு விளையாடுவது.

நம் பிள்ளைகளின் கைக்கு

இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் வேண்டாம். நல்ல வெளிச்சமுள்ள ஒரு மேசை, சிறு கருவிகள், ஒரு மல்டிமீட்டர், நடுங்காத கை, அவசரப்படாத மனம் இவை போதும். கடையில் பழைய மோட்டார் சைக்கிள் மீட்டர் ஒன்றை மலிவாக வாங்கி, பிரித்து மாட்டிப் பழகலாம். தொழிற்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது கூடுதல் கைத்திறன். பழைய கார்களை வைத்திருப்பவர்களுக்கு இன்று பெரிய குறை, இந்த நுண்ணிய வேலைக்குப் பொறுமையுள்ள ஆள் கிடைக்காததுதான்.

பால் வெட்டும்போது மரத்தைக் காயப்படுத்தாமல் கத்தியை நிறுத்தத் தெரிந்த கைகள் நம் பெற்றோரின் கைகள். அந்தக் கைப்பக்குவம் பிள்ளைகளுக்கும் இருக்கும். தராசுத் தட்டையும் மெட்ரோலாக் கோட்டையும் கண் கொட்டாமல் பார்த்து நின்றவர்களுக்கு, அளவு சரியாக இருப்பதன் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பளபளப்பாக்குங்கள். முள் மட்டும் உண்மையைக் காட்டட்டும்.